தூங்காபி

நித்திரை வருகுதில்லை டொக்டர் என்கிறார் குகநேசன்.
ஊரின் பெயரே தூங்காபி, என்ன செய்ய என்கிறேன்.
சிரிக்கவில்லை.
இந்தப் பகிடியை ஏழு வருடமாகக் கேட்கிறாராம்.

கதவில் என் பெயருக்கு முன்னால் டாக்டர் இல்லை.
கோவையில் ஐந்தரை வருடம் படித்தது
இங்கே நலவாழ்வு ஆலோசகர் என்று சுருங்கி
அரிசிக் கடை மாடியில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி.
கீழே மிளகாய்த்தூள் மூட்டை பிரித்தால்
நோயாளியும் நானும் சேர்ந்து தும்முவோம்.
அறிமுகம் அப்படித்தான்.

நெஞ்செரிவு. காலையில் வயிறு இறுகல்.
பின்கழுத்தில் ஒரு கல்.
மூன்று வருடமாக.
மாத்திரை தீர்ந்ததும் திரும்ப வருகிறது,
வாடகை கேட்க வருகிறவர் மாதிரி.

வெள்ளை படிந்த நாக்கு, ஓரமெல்லாம் பல்தடம்.
நாடியில் விரல் வைத்ததும் கண்ணை மூடிக்கொள்கிறார்,
அதில் எல்லாம் தெரிந்துவிடும் என்று.
தெரியாது.
மனிதர் மூச்சு தரைக்கு இறங்கும்வரை
காத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

மார்கழியில் பசி வலுக்கும், நெய் சேர் என்கிறது
நான் படித்த புத்தகம்.
ஜன்னலுக்கு வெளியே மார்கழி,
நாற்பத்தொரு டிகிரி.
தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிறது.
ஓரங்களில் பென்சிலால் மாற்றி எழுதி வைத்திருக்கிறேன்:
ஆடிக்குத் தை, தைக்கு ஆடி.
இவருக்கு அதுவும் போதாது.
ஈஸ்டர்ன் கிரீக் கிடங்கில் விடிய விடிய ஃபோர்க்லிஃப்ட்.
பித்தம் ஏறும் நள்ளிரவு இவருடைய சாப்பாட்டு இடைவேளை.
பருவத்தைத் திருப்பியாயிற்று,
இனிப் பொழுதையும் திருப்ப வேண்டும்.

என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவில்லை.
அதை எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.
எங்கே நின்று சாப்பிடுகிறீர்கள் என்றேன்.
நிண்டுதான் சாப்பிடுறன் எண்டு எப்பிடித் தெரியும்?
மைக்ரோவேவ் சுற்றும் இரண்டு நிமிடம் அதன் முன்னால்,
பிறகு அதே இடத்தில், போனைப் பார்த்தபடி.
வீட்டில்?
நான் ஆறுக்கு வருவன்.
சுகிர்தா ஆறு பத்துக்கு முதியோர் இல்லத்துக்கு வெளிக்கிடுவா.
கார்ச் சாவி கைமாறும்.
இஞ்சின் ஆறுறதே இல்லை.

எழுதுகிறேன்.
இரவு இரண்டு மணிக்குக் கொத்துரொட்டி வேண்டாம்.
மல்லியும் சீரகமும் கொதித்த நீர், ஆறவைத்து.
படுக்குமுன் பாதத்தில் எண்ணெய், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி.
சுகிர்தா பத்து நிமிடம் முன்னால் எழட்டும்.
ஒரே மேசையில், உட்கார்ந்து,
அவருக்குக் காலைக் கஞ்சி, உங்களுக்கு இராச் சோறு.
தாளைத் திருப்பிப் பார்க்கிறார்.
சூரணம் ஒண்டும் தரமாட்டியளோ?

செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்று சொல்கிறார்,
மிச்சச் சில்லறையை நீட்டுவது போல:
இரண்டு கிழமையாய்க் கறுப்பாய்ப் போகுது,
தார் மாதிரி.

உட்காருங்கள் என்கிறேன்.
எழுதிய தாளை என் பக்கம் இழுத்துக்கொள்கிறேன்.
இதற்கு என்னிடம் பருவமும் இல்லை, பொழுதும் இல்லை.
வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரி. நாளைக்கு இல்லை, இப்போது.
நித்திரை கொண்டிட்டுப் போறனே என்கிறார்.
மூன்று வருடமாக வராத நித்திரை.
ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதி மடித்துத் தருகிறேன்,
அடியில் என் பெயர்,
முன்னால் எதுவும் இல்லாமல்.

கார் சுகிர்தாவிடம்.
அரிசிக் கடைக்காரர் கேள்வி கேட்காமல் வேன் சாவியை எடுக்கிறார்.
படியில் குகநேசன் ஒவ்வொரு படிக்கும் நிற்கிறார்.
அதை ஏறும்போதே நான் பார்த்திருக்க வேண்டும்.

அவர்கள் திரும்பும்வரை கல்லாவில் நான்.
யாரோ அரைக் கிலோ மல்லி கேட்கிறார்.
தராசின் எண் ஏறி இறங்கித் தடுமாறுகிறது.
அது நிற்கக் காத்திருக்கிறேன்.